பெரியாறு திரும்பாமல் இருந்திருந்தால்: ஆங்கிலத்தின் வுட், குட், மைட்

ஆங்கிலத்தில் நடக்காத ஒன்றையோ, நடக்குமா என்று தெரியாத ஒன்றையோ ‘இப்படி என்று வைத்துக்கொண்டால்’ எனப் பேசும்போது வினைச்சொல்லுக்கு முன்னால் ஒரு சிறு சொல் வந்து நிற்கும். வுட், குட், மைட், ஷுட் ஆகிய நான்கும் அந்த வேலைக்கு அதிகம் பயன்படுபவை. இலக்கண நூல்கள் இவற்றை மாடல் துணைவினைகள் என்கின்றன. பேசுகிறவர் ஒரு நிகழ்ச்சியை எவ்வளவு நம்புகிறார், நடப்பிலிருந்து அதை எவ்வளவு தள்ளி வைக்கிறார் என்பதைக் காட்டுவதே இவற்றின் பணி. தமிழ் வழியில் படித்து ஆங்கிலத்துக்குப் போகிற மாணவர்களுக்கு இந்தச் சொற்களின் பொருள் தெரியாமல் இல்லை. எந்த இடத்தில் எது என்பதில்தான் தடுமாற்றம்.

இந்த வாக்கியங்களைப் பழகுவதற்குத் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கைப் போலப் பொருத்தமான இடம் அமைவது அரிது. மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கும் பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிய தண்ணீரில் விளையும் பூமி இது. முல்லைப் பெரியாறு அணையின் கட்டுமானம் 1887இல் தொடங்கி 1895இல் முடிந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 10 அன்று சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார். லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்கள் இந்தத் தண்ணீரை நம்பியிருக்கின்றன. ‘அந்த அணை மட்டும் இல்லேன்னா’ என்று ஆரம்பிக்காத வாய் அங்கே குறைவு. ஒரு பள்ளத்தாக்கே நடக்காமல் போன ஒரு நிலைமையை நினைத்துப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறது என்றாலும் தவறில்லை.

அந்த அணையை வைத்தே மூன்று ஆங்கில வாக்கியங்கள். ‘இஃப் தி வாட்டர் லெவல் ரைசஸ், தே வில் ஓபன் தி ஷட்டர்ஸ்’ என்று ஒருவர் சொன்னால், மட்டம் உயர வாய்ப்பு இருக்கிறது என்று அவர் கருதுகிறார். மழைக்காலத்துப் பேச்சு. ‘இஃப் தி வாட்டர் லெவல் ரோஸ், தே வுட் ஓபன் தி ஷட்டர்ஸ்’ என்றால், மட்டம் உயரும் என்று அவருக்கு நம்பிக்கை இல்லை. சும்மா நினைத்துப் பார்க்கிறார். வறண்ட ஏப்ரல் மாதத்துப் பேச்சு. ‘இஃப் தி வாட்டர் லெவல் ஹாட் ரிசன், தே வுட் ஹாவ் ஓபன்ட் தி ஷட்டர்ஸ்’ என்றால் கதை முடிந்துவிட்டது: மட்டம் உயரவில்லை, ஷட்டரும் திறக்கவில்லை. பள்ளி வகுப்பில் இவற்றை டைப் ஒன், டைப் டூ, டைப் த்ரீ என்று எண் போட்டுச் சொல்லித்தருவார்கள். எண்ணால் பெரிய பயன் இல்லை. நடப்புக்கு அருகில், நடப்புக்குத் தள்ளி, நடப்பு கைவிட்டுப் போனபின் என்று தூரமாக நினைத்துக்கொண்டால் எந்தச் சொல் எங்கே வரும் என்பது தானே விளங்கும்.

தமிழில் இந்த மூன்றில் முதல் இரண்டும் ஒரே வாக்கியம். மட்டம் உயர்ந்தால் ஷட்டரைத் திறப்பார்கள். மூன்றாவதுக்கு மட்டும் தனி வடிவம் உண்டு: மட்டம் உயர்ந்திருந்தால் திறந்திருப்பார்கள். ஆங்கிலம் மூன்றாகப் பிரிக்கும் நிலத்தைத் தமிழ் இரண்டாகப் பிரிக்கிறது. தடுமாற்றத்தின் பாதி இங்கிருந்தே வருகிறது.

மாடல் வினைகள் மற்ற வினைகளைப் போல நடந்துகொள்வதில்லை. ஹி, ஷி என எது எழுவாயாக வந்தாலும் இவற்றோடு எஸ் ஒட்டாது. முன்னால் டு வராது, பின்னால் ஐஎன்ஜி சேராது. தொடர்ந்து வரும் வினை எந்த ஒட்டும் இல்லாமல் மூல வடிவில் நிற்கும். ஆகவே வுட் வென்ட், குட் கேம் என்பவை பிழை, வுட் கோ, குட் கம் என்பவையே சரி. இவை ஜோடிகளாக வாழ்கின்றன: வில் – வுட், கேன் – குட், மே – மைட், ஷல் – ஷுட். ஜோடியில் இரண்டாவது, வரலாற்றில் முதலாவதன் இறந்தகாலம். அந்தக் காலப் பொருள் பெருமளவு தேய்ந்துபோய், தூரம் என்ற பொருளே இன்று மேலோங்கி நிற்கிறது. மஸ்ட் என்ற சொல்லுக்கு அப்படி ஒரு ஜோடி இல்லை. அதனால் கற்பனை நிலைமையில் ‘செய்தாக வேண்டியிருக்கும்’ என்று சொல்ல, வுட் ஹாவ் டு என்று சுற்றிவர வேண்டியிருக்கிறது. குட் என்பதை எழுதும்போது நடுவில் ஒரு எல் வருகிறது. வுட், ஷுட் இரண்டின் எல் பழைய ஆங்கிலத்தில் ஒலித்த எழுத்து. குட்டின் பிறப்பில் அந்த எழுத்தே கிடையாது. பக்கத்து வீட்டாரைப் பார்த்துப் பிற்காலத்தில் சேர்த்துக்கொண்டது. ஒலிக்காத அந்த எழுத்துக்காகச் சொல்வதெழுதுதலில் மதிப்பெண் இழந்த மாணவர்களின் மேல் குற்றமில்லை.

இறந்தகால வடிவம் எப்படி நடப்பிலிருந்து விலகிய நிலைமையைக் காட்ட வந்தது? நேற்று என்பது இன்றிலிருந்து தள்ளி இருப்பது. நடக்காதது நடப்பிலிருந்து தள்ளி இருப்பது. ஒரு தள்ளலுக்கு இருந்த வடிவத்தை ஆங்கிலம் மற்றொன்றுக்கும் எடுத்துக்கொண்டது. இதைக் கேட்டுத் தமிழர் வியக்க வேண்டியதில்லை. உயர்ந்தால், பெய்தால், போனால் என்ற சொற்களைப் பிரித்துப் பார்த்தால், ஆல் என்பதற்கு முன்னால் உட்கார்ந்திருப்பது உயர்ந்த், பெய்த், போன் என்ற இறந்தகாலத் தண்டுதான். நாளை பெய்யப்போகும் மழையைப் பற்றிப் பேசும்போதும் தமிழ் அந்தத் தண்டையே கேட்கிறது. இதைவிடப் பழைய வழி பெய்யின், வரின் என்பது. தொல்காப்பியம் வினையெச்சங்களுக்குச் சொல்லும் ஒன்பது வாய்பாடுகளிலும், நன்னூல் சொல்லும் பன்னிரண்டிலும் ‘செயின்’ என்று அது இடம்பெற்றிருக்கிறது. பேச்சில் அது எப்போதோ வழக்கொழிந்துவிட்டது. ஆல் மட்டும் தேனிப் பேச்சில் பேஞ்சா, வந்தா என்று கடைசி மெய்யை உதறிவிட்டு வாழ்கிறது.

முதல் தூரத்தில் அதிகச் சிக்கல் இல்லை. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி பக்கத்துத் தோட்டங்களில் விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழுத்து நிற்கும் குலையில் மழை பட்டால் பழம் வெடிக்கும் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். அதை ஆங்கிலத்தில் ‘இஃப் இட் ரெயின்ஸ் திஸ் வீக், தி கிரேப்ஸ் வில் கிராக்’ என்று சொன்னால் உறுதி. வில் இருந்த இடத்தில் மே வந்தால் வெடிக்கலாம், வெடிக்காமலும் போகலாம். மைட் வந்தால் ஐயம் இன்னும் கொஞ்சம் கூடும். குட் வந்தால் வெடிக்கும் இயல்பு அதற்கு உண்டு, கவனம் என்ற எச்சரிக்கை. விலை குறைக்கப் பார்க்கும் வியாபாரி வில் என்பார், விற்கப் பார்க்கும் விவசாயி மைட் என்பார். இஃப் வருகிற பகுதிக்குள் எதிர்காலத்துக்காக வில் போடக்கூடாது என்பதை மட்டும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். ‘இஃப் இட் வில் ரெயின்’ என்று எழுதுவது மிகப் பரவலான பிழை.

இரண்டாம் தூரம் அப்படி எளிதல்ல. முல்லைப் பெரியாறு பிரச்சினையை ஆங்கில நாளிதழில் படிக்கிறவர் அதன் கனத்தை உணரலாம். 1979 ஆகஸ்டில் குஜராத்தின் மோர்வி அருகே மச்சு அணை உடைந்த பிறகு, பெரியாறு அணை பற்றிய அச்சம் கேரளத்தில் வலுத்தது. 152 அடி வரை நீர் தேக்கும்படி கட்டப்பட்ட அணையில் மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. நீண்ட வழக்குக்குப் பின் 142 அடி வரை தேக்கலாம் என்று 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த முப்பத்தைந்து ஆண்டுகளின் வாதம் முழுவதும் நடக்காத ஒன்றைப் பற்றியது. ‘இஃப் தி டேம் ப்ரேக்ஸ், தி டவுன்ஸ் பிலோ வில் பி ஃப்ளடட்’ என்று தலைப்பு வந்தால், அணை உடைவது நாளைய சாத்தியங்களில் ஒன்றாகத் தெரிகிறது. ‘இஃப் தி டேம் வேர் டு ப்ரேக், தி டவுன்ஸ் பிலோ வுட் பி ஃப்ளடட்’ என்று வந்தால், எழுதியவர் உடையும் என்று சொல்லவில்லை. உடைவதாக வைத்துக்கொண்டு விளைவைக் கணக்கிடுகிறார். பொறியியல் அறிக்கைகளும் நீதிமன்ற ஆவணங்களும் விடாமல் வுட் என்று எழுதுவதன் காரணம் இதுதான். இரண்டு வாக்கியத்தையும் தமிழாக்கினால் ‘அணை உடைந்தால் கீழேயுள்ள ஊர்கள் மூழ்கும்’ என்று ஒன்றாகிவிடும். அணை உடைவதைக் காட்டிய டேம் 999 என்ற ஆங்கிலப் படம் 2011 நவம்பரில் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டதையும் இங்கே நினைக்கலாம். கற்பனை என்று சொல்லி வைக்கப்படுவதை எதிரில் இருப்பவர் அப்படியே எடுத்துக்கொள்வார் என்பதற்கு எந்த மொழியிலும் உத்தரவாதம் கிடையாது.

மேலே உள்ள வாக்கியத்தில் டேம் என்ற ஒருமைக்கு வேர் வந்திருக்கிறது. வாஸ் வரவேண்டிய இடத்தில் இப்படி வேர் வருவது பழைய ஆங்கிலத்தின் ஒரு வினைவடிவத்தில் மிச்சமிருக்கும் துண்டு. இஃப் ஐ வேர் யூ என்பதில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது; ‘உங்க இடத்துல நான் இருந்தா’ என்று நம் ஊரில் புத்திமதிக்கு முன்னால் வருவதும் அதே வாக்கியம்தான். பேச்சில் இன்று வாஸ் என்பதும் சகஜம். தேர்வுத்தாளில் மட்டும் வேர் எழுதுவது பாதுகாப்பு.

தமிழுக்கு இந்த இரண்டாம் தூரத்தைக் காட்ட வழியே இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. வினையில் காட்டாததை வினைக்கு வெளியே காட்டுகிறது. ‘ஒரு பேச்சுக்குச் சொல்றேன்’, ‘அப்படின்னே வச்சுக்குவோம்’, ‘ஒருவேளை’ என்பவை எல்லாம் அந்த வேலைக்கானவை. மிகக் கூர்மையான கருவி ‘மட்டும்’ என்பது. ‘மழ பேஞ்சா’ என்றால் பெய்யலாம். ‘மழ மட்டும் பேஞ்சுச்சுன்னா’ என்றால் பேசுகிறவர் வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார் என்று பொருள். ஆங்கிலம் வினைக்குள் மறைத்துவைக்கும் உணர்ச்சியை இந்த ஒரு சொல் வெளியே எடுத்து வைக்கிறது. ஆகவே தமிழில் மட்டும் வந்தால், ஆங்கிலத்தில் வில் போய் வுட் வரவேண்டும் என்பது நல்ல கைவிதி. எல்லா இடத்திலும் பலிக்காது. பெரும்பாலான இடங்களில் பலிக்கும்.

மூன்றாம் தூரம் வரலாற்றின் இடம். பெரியாற்றைத் திருப்பும் யோசனை ஆங்கிலேயருக்கு முன்பே இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை அதற்காக மலைக்கு ஆட்களை அனுப்பினார். 1808இல் கால்டுவெல் என்ற ஆங்கிலப் பொறியாளர் திட்டம் நடைமுறைக்கு ஆகாது என்று அறிக்கை கொடுத்தார். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது வருடப் பஞ்சம் திட்டத்துக்கு அவசரம் கூட்டியது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தானது. ஜான் பென்னிகுவிக் என்ற பொறியாளர் சுண்ணாம்பும் சுர்க்கி எனும் செங்கல் பொடியும் கலந்த காரையில் அணையை எழுப்பினார். கட்டும்போது வெள்ளம் தற்காலிகக் கரைகளைப் பலமுறை அடித்துக்கொண்டு போனது. இந்த வரலாற்றின் ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு ‘இருந்திருந்தால்’ இருக்கிறது. பஞ்சம் வராமல் இருந்திருந்தால் திட்டம் தள்ளிப்போயிருக்கும்: ‘இஃப் தேர் ஹாட் பீன் நோ ஃபேமின், தி ப்ராஜெக்ட் வுட் ஹாவ் பீன் டிலேட்.’ வெள்ளம் இன்னொரு முறை வந்திருந்தால் அரசு கைவிட்டிருக்கக்கூடும்: வுட் ஹாவ் இருந்த இடத்தில் மைட் ஹாவ். முதலாவதில் பேசுகிறவர் விளைவைத் தெரிந்தவர்போல் சொல்கிறார், இரண்டாவதில் ஒரு கதவைத் திறந்து வைக்கிறார். வரலாற்று ஆசிரியருக்கு மைட் பாதுகாப்பானது. மேடைப் பேச்சாளர்கள் வுட்டையே விரும்புவார்கள்.

இஃப் என்ற சொல்லை எடுத்துவிட்டு ஹாட் என்பதை முன்னுக்குக் கொண்டுவருவதும் உண்டு. ‘ஹாட் தேர் பீன் நோ ஃபேமின்’ என்று தொடங்கினால் பொருள் மாறாது, நடை மட்டும் விறைப்பாகும். மேல்நிலை வகுப்பு ஆங்கில வினாத்தாளில் வாக்கியத்தை மாற்றி எழுதச் சொல்லும் கேள்விக்கு இது பழைய நண்பன். பட் ஃபார் என்று தொடங்குவதும் அதே பணியைச் செய்யும்: ‘பட் ஃபார் தி டன்னல், தி வாட்டர் வுட் ஃப்ளோ வெஸ்ட்.’ சுரங்கம் இல்லையென்றால் தண்ணீர் மேற்கேதான் ஓடும்.

டைப் எண்களை மனப்பாடம் செய்தவர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அணை கட்டி முடிக்கப்பட்டது 1895இல். இருபோகம் விளைவது இன்று. நிபந்தனை கடந்தகாலத்தில், விளைவு நிகழ்காலத்தில். டைப் த்ரீயின் அச்சில் வார்த்தால் ‘இஃப் தே ஹாட் நாட் பில்ட் தி டேம், தி வேலி வுட் நாட் ஹாவ் க்ரோன் டூ க்ராப்ஸ்’ என்று வரும். அது பழைய காலத்து விளைச்சலைப் பற்றிய செய்தி ஆகிவிடும். இன்றைய விளைச்சலைச் சொல்ல, பின்பாதியில் ஹாவ் இல்லாமல் ‘தி வேலி வுட் நாட் க்ரோ டூ க்ராப்ஸ்’ என்றே நிற்க வேண்டும். இலக்கண நூல்கள் இதைக் கலப்பு நிபந்தனை என்று தனியாக வகுத்து, கடைசி அத்தியாயத்தில் தள்ளிவிடுகின்றன. தமிழருக்கு இது கடைசி அத்தியாயம் ஆக வேண்டியதில்லை. அணை கட்டாமல் இருந்திருந்தால் இன்று இரண்டு போகம் விளையாது என்பதையும், அன்று விளைந்திருக்காது என்பதையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. விளையாது என்றால் வுட் நாட், விளைந்திருக்காது என்றால் வுட் நாட் ஹாவ். இந்த ஒரு விஷயத்தில் தமிழ் வாக்கியத்தை நம்பிப் போனால் ஆங்கிலம் சரியாகவே வரும்.

தமிழை நம்பிப் போனால் வழி தவறும் இடம் வேறு. இருக்கும், இருக்கலாம், இருக்க வேண்டும் என்ற மூன்று முடிவுகள்தான் அந்த இடம். இதைப் பாடப்புத்தகங்கள் போதிய அளவு சொல்வதில்லை.

‘மலையில் மழை பெய்திருக்கும்’ என்று ஒருவர் சொல்கிறார். சுருளியாற்றில் தண்ணீர் செம்மண் நிறத்தில் வருவதைப் பார்த்துச் சொன்னால், பெய்துவிட்டது என்று ஊகிக்கிறார். ‘காற்று மாறாமல் இருந்திருந்தால் மழை பெய்திருக்கும்’ என்று சொன்னால், மழை பெய்யவில்லை. ஒரே சொல், ஒன்றில் மழை உண்டு, மற்றதில் இல்லை. ஆங்கிலத்தில் முதலாவது மஸ்ட் ஹாவ் ரெயின்ட், இரண்டாவது வுட் ஹாவ் ரெயின்ட். தமிழில் முன்னால் வரும் ‘இருந்திருந்தால்’ பொருளைக் காப்பாற்றிவிடுகிறது. அது வெளிப்படையாக வராத பேச்சில், மொழிபெயர்ப்பவர் எது என்று முடிவு செய்தே ஆக வேண்டும். ஊகத்துக்கும் வுட் ஹாவ் வருவதுண்டு என்றாலும் அது குறைவு.

இருக்கலாம் இன்னும் வழுக்கும். லண்டனில் இருந்த தன் சொத்தை விற்று அணையைக் கட்டி முடித்தார் என்பது பென்னிகுவிக் பற்றிப் பள்ளத்தாக்கில் தலைமுறைகளாக வழங்கும் கதை. ஆவணத்தை விட வாய்மொழியில் வாழும் கதை இது. ‘அவர் சொத்தை விற்றிருக்கலாம்’ என்று ஓர் ஆய்வாளர் எழுதினால், விற்றாரா இல்லையா என்பது தீர்மானமாகவில்லை என்று பொருள். ஆங்கிலத்தில் மே ஹாவ் சோல்ட். ‘வேலை பாதியில் நின்றபோது அவர் ஊருக்குத் திரும்பிப் போயிருக்கலாம், போகவில்லை’ என்றால், வாய்ப்பு இருந்தும் செய்யவில்லை. குட் ஹாவ் கான். இதற்கு மே ஹாவ் பொருந்தாது. மைட் ஹாவ் இரண்டுக்கும் வளைந்து கொடுக்கும். போதாததற்கு, ‘கல்யாணத்துக்கு ஒரு எட்டு வந்திருக்கலாம்ல’ என்று சொந்தக்காரர் வீட்டு வாசலில் கேட்கும்போது மூன்றாவது பொருள் ஒன்றும் வந்துவிடுகிறது: குறை சொல்லல். ‘யூ மைட் ஹாவ் கம்’, ‘யூ குட் ஹாவ் கம்’ என்று ஆங்கிலமும் அந்தக் குறையைச் சொல்லும். சொல்கிறவரின் குரல்தான் அங்கே இலக்கணம்.

இருக்க வேண்டும் என்பதும் இரண்டாகப் பிளக்கும். தோட்டத்து மோட்டார் சத்தம் நின்றுவிட்டால், ‘கரண்ட் போயிருக்க வேண்டும்’ என்பது ஊகம், மஸ்ட் ஹாவ். ‘நாற்று பாவுவதற்கு முன் தண்ணீர் திறந்திருக்க வேண்டும்’ என்பது திறக்காததைப் பற்றிய ஆதங்கம், ஷுட் ஹாவ். மனு எழுதுகிறவர் இங்கே மஸ்ட் ஹாவ் என்று போட்டுவிட்டால், தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று அவரே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். எதிர்மறையில் இந்தக் குழப்பம் பாதி தீர்ந்துவிடுகிறது. திறந்திருக்கக் கூடாது என்றால் ஷுட் நாட் ஹாவ் ஒன்றுதான். வேறு வாசிப்புக்கு வழியில்லை.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தென்படும். தமிழ் முடிவு ஒவ்வொன்றும் ‘நடந்ததோ என்ற ஊகம்’, ‘நடக்காததைப் பற்றிய எண்ணம்’ ஆகிய இரண்டையும் ஒரே சொல்லில் ஏந்துகிறது. ஆங்கிலம் அவற்றைப் பெரும்பாலும் வேறு வேறு சொல்லில் பிரித்து வைக்கிறது. எழுதுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: அந்தச் சம்பவம் நடந்ததா, நடக்கவில்லையா, தெரியாதா? பதில் கிடைத்ததும் மாடல் வினையும் கிடைத்துவிடும்.

பிழைகளில் மூன்று, தேனி மாவட்டத்தில் மட்டுமல்லாமல் தமிழ்நாடு முழுக்கவே கேட்கக் கிடைப்பவை. ‘இஃப் ஐ வுட் ஹாவ் நோன்’ என்று இஃப் பகுதிக்குள்ளேயே வுட் போடுவது முதலாவது. தெரிந்திருந்தால் – சொல்லியிருப்பேன் என்று தமிழில் இரண்டு பக்கமும் ‘இரு’ வருவதால், ஆங்கிலத்திலும் இரண்டு பக்கமும் சமமாக இருக்கட்டும் என்று மனம் நினைத்துவிடுகிறது போலும். அமெரிக்கர்களும் பேச்சில் இதைச் செய்கிறார்கள் என்பது ஆறுதல், தேர்வில் உதவாது. இரண்டாவது ‘குட் ஏபிள் டு’. குட் என்றாலே முடியும், ஏபிள் என்றாலும் முடியும். இரண்டில் ஒன்று போதும்.

மூன்றாவது கண்ணுக்குப் பிழையாகவே தெரியாது. நேற்று மோட்டாரைச் சரிசெய்ய முடிந்தது என்பதை ‘ஐ குட் ரிப்பேர் தி மோட்டார் எஸ்டர்டே’ என்று எழுதினால், ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர் தயங்குவார். ஒரு குறிப்பிட்ட தருணத்தில் செய்து முடித்ததற்கு ‘வாஸ் ஏபிள் டு’ அல்லது ‘மேனேஜ்ட் டு’ என்பதே வழக்கம். அப்படி இல்லாமல் குட் தனியாக நின்றால் அவர் காதில் அது ‘சரிசெய்யலாம்’ என்ற வாய்ப்பாக விழும். செய்து முடித்த வேலை சொல் ஒன்றால் செய்யாத வேலையாகிவிடும். ‘குட் நாட்’ என்ற எதிர்மறைக்கு இந்தத் தொல்லை இல்லை. முடியவில்லை என்பதைத் தாராளமாக அப்படிச் சொல்லலாம்.

இந்திய ஆங்கிலத்துக்கே உரிய ஒரு பழக்கமும் உண்டு. எதிர்காலத்தைச் சொல்லும் இடத்தில் வில் கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தோன்றுவதாலோ என்னவோ, அறிவிப்புகளில் வுட் போடுவார்கள். போடிநாயக்கனூரில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலமுறையில் ஏலக்காய் விற்பனையாகிறது. அங்கிருந்து சரக்கு வளைகுடா நாடுகள் வரை போகிறது. ஏற்றுமதி செய்கிறவர் ‘தி கன்சைன்மென்ட் வுட் ரீச் யூ ஆன் மண்டே’ என்று கடிதம் எழுதினால், இந்திய வாசகர் திங்கள்கிழமை சரக்கு வரும் என்று படித்துக்கொள்வார். வெளிநாட்டு வாசகர் அடுத்த வரியில் ஒரு இஃப் தேடுவார். வந்து சேரும், ஆனால் என்ன நிபந்தனை? பணம் இன்னும் வரவில்லை என்கிறார்களா? வுட் என்றாலே ஏதோ ஒரு இஃப் எங்கோ ஒளிந்திருக்கிறது என்று அவர் பழகியிருக்கிறார். உறுதியாக நடக்கப்போவதற்கு வில்லே போதும். அதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை.

மரியாதைக்கு வுட் தேவைப்படும் இடம் வேண்டுகோள். ‘வுட் யூ’, ‘குட் யூ’ என்று கேட்கும்போது, கேட்கிறவர் தன் விருப்பத்தையே நடப்பிலிருந்து ஓர் அடி தள்ளி வைக்கிறார். மறுக்க எதிராளிக்கு இடம் கிடைக்கிறது. கம்பம் பேருந்தில் ‘கொஞ்சம் தள்ளி உக்காந்தீங்கன்னா நல்லாருக்கும்’ என்று சொல்லப்படுவதும் அதே உத்தி. தள்ளி உட்காருங்கள் என்று யாரும் ஏவவில்லை. உட்கார்ந்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு நிபந்தனை வாக்கியம் மட்டும் காற்றில் விடப்படுகிறது. ‘இட் வுட் பி நைஸ் இஃப் யூ குட் மூவ் எ லிட்டில்’ என்ற ஆங்கில வாக்கியம் இதன் அச்சு. கைண்ட்லி என்ற சொல்லை மனுவின் ஒவ்வொரு வரியிலும் தூவுவதைவிட இது நயமானது, தமிழருக்கு இயல்பாக வரக்கூடியதும் கூட.

ஷுட் ஒரு தனி ஆள். ‘வேண்டும்’ என்ற அறிவுரைப் பொருளில் எல்லோருக்கும் அறிமுகம். இஃப் பகுதிக்குள் வந்தால் அந்தப் பொருள் மறைந்து, நடக்க வாய்ப்பு குறைவு என்ற சாயல் மட்டும் நிற்கும். ‘இஃப் தி பஸ் ஷுட் பி லேட்’ என்றால் பஸ் தாமதமாக வரவேண்டும் என்பதல்ல, தப்பித்தவறித் தாமதமானால் என்பது. காப்பீட்டுப் படிவங்களிலும் வங்கிக் கடிதங்களிலும் ‘ஷுட் யூ நீட்’ என்று தொடங்கும் வரிகள் இந்த வகை.

வுட் வருகிற இடமெல்லாம் கற்பனை என்று எடுத்துக்கொள்வதும் தவறு. இரண்டு இடங்களை விலக்கிவிட வேண்டும். ஒன்று, பிறர் சொன்னதை எடுத்துச் சொல்வது. ஜூன் மாதம் தண்ணீர் திறக்கப்படும் என்று அமைச்சர் சொன்னார் என்பது ‘தி மினிஸ்டர் செட் வாட்டர் வுட் பி ரிலீஸ்ட் இன் ஜூன்’ என்று வரும். அமைச்சர் பேசியபோது வில் என்றுதான் சொன்னார்; செட் என்ற இறந்தகாலத்துக்குப் பின்னால் வந்ததால் அது வுட் ஆனது. மற்றொன்று, பழைய வழக்கத்தைச் சொல்வது. ‘எவ்ரி மார்னிங் மை கிராண்ட்ஃபாதர் வுட் வாக் டு தி கெனால்’ என்பதில் கற்பனை எதுவும் இல்லை. தாத்தா உண்மையிலேயே தினமும் வாய்க்காலுக்கு நடந்தார். தமிழும் இங்கே அதே தந்திரத்தைச் செய்கிறது: ‘அப்பல்லாம் தாத்தா வெள்ளனவே வாய்க்காலுக்குப் போவார்’ என்பதில் போவார் என்ற எதிர்கால வடிவம் என்றோ முடிந்துபோன பழக்கத்தைச் சொல்கிறது. ஆகவே படிக்கும்போது வுட்டுக்கு அருகில் செட், டோல்ட் போன்ற சொல்லோ, எவ்ரி மார்னிங், இன் தோஸ் டேஸ் போன்ற காலக் குறிப்போ இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால், அந்த வாக்கியத்தில் சொல்லப்பட்டோ சொல்லப்படாமலோ ஒரு இஃப் இருக்கும்.